பெயர் போடாத குறிப்பு

கலைமதிக்கு அந்த மின்னஞ்சல் வந்தபோது, வேறு யாருக்கோ போக வேண்டியது வழி தவறித் தன்னிடம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ‘மதிப்பாய்வாளராகத் தன்னார்வத்துடன் முன்வந்த தங்களுக்கு நன்றி’ என்று அது தொடங்கியது. அவள் எதற்கும் முன்வந்ததாக நினைவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் நூலகர் அவள். காலையில் பொம்மிடியில் பஸ் பிடித்துப் போய், கதவைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, மாணவர்கள் தலைகீழாகச் செருகிவிட்டுப் போன புத்தகங்களை நேராக்குவதில் அவளுடைய நாள் தொடங்கும். தருமபுரியில் நடக்கவிருந்த நூலகர் மாநாட்டுக்குப் பெயர் பதிந்தது உண்மைதான். பதியும்போது கட்டம் கட்டமாக ஏதேதோ கேட்டார்கள். எல்லாவற்றிலும் ‘சரி’ போட்டால்தான் அடுத்த பக்கம் வரும்போல என்று எல்லாவற்றிலும் போட்டு வைத்திருந்தாள்.

மாநாட்டை நடத்துகிற நூலகர் மன்றத்தின் ஒருங்கிணைப்பாளர் நவநீதனுக்குப் போன் செய்தாள்.

“சார், நான் இதுவரைக்கும் யாரு கட்டுரையையும் மதிப்பாய்வு பண்ணுனதில்லீங்க. எனக்கு இது எப்பிடி வந்துச்சுன்னே தெரியல.”

“நீங்கதான் மேடம் சம்மதம்னு போட்டிருக்கீங்க. வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. கட்டுரைங்க வந்து குவிஞ்சு கெடக்குது. படிக்கத்தான் ஆள் இல்ல.”

“அதுல என்னங்க சார் பார்க்கணும்?”

“ஒரு நாள் லீவு போட்டு, பஸ் ஏறி வந்து, இந்தப் பேச்சை உக்காந்து கேப்பீங்களான்னு பாருங்க. கேப்பேன்னா ஏன்னு எழுதுங்க. மாட்டேன்னா அதையும் ஏன்னு எழுதுங்க. யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியாது. யாரு படிச்சதுன்னு அவங்களுக்கும் தெரியாது. அவ்ளோதாங்க மேடம்.”

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. தேர்வு நேரம் என்பதால் நூலகத்தில் மதியத்துக்கு மேல் ஈ காக்கை இல்லை. உட்கார்ந்து படித்தாள். முதல் கட்டுரை ஏதோ மென்பொருளைப் பற்றியது. அது எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. அடுத்தது நன்றாக இருந்தது. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டாள்.

பெயர் சொல்லப்படாத ஒரு மலைக் கிராமத்தில், ஒரு தொண்டு நிறுவனம் தன் மருந்தகத்தில் புத்தகப் பெட்டி ஒன்றை வைத்த கதை அது. விறைப்பான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தொடக்கத்தில் சில பேர்தான் புத்தகம் எடுத்தார்களாம். மழைக்காலத்தில் எண்ணிக்கை இரண்டு மடங்காகி, அப்புறம் இன்னும் ஏறியதாம். ஆகவே மலைவாழ் மக்களிடம் வாசிப்புப் பழக்கம் வேரூன்றிவிட்டது என்று கட்டுரை முடிந்தது. வரைபடத்தில் கோடு மலையைப் போலவே ஏறி நின்றது.

கலைமதி அதைத் திரும்பவும் படித்தாள். கோடு இருந்தது, ஆள் இல்லை. யார் எடுத்தார்கள், என்ன எடுத்தார்கள், எடுத்தவர்கள் படித்தார்களா, மழையில் ஏன் ஏறியது என்று ஒரு வரி கிடையாது. ஆனாலும் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. மருந்தகத்தில் பெட்டி வைக்க வேண்டும் என்று யோசித்தவருக்கு ஏதோ நல்ல எண்ணம் இருந்திருக்கிறது. நல்ல எண்ணத்துக்கு மதிப்பெண் உண்டா, இல்லையா? மதிப்பாய்வுப் படிவத்தில் அதைச் சொல்வதற்கு ஒரு கட்டமும் இல்லை.

கடைசியில் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். கேள்விகளையெல்லாம் கேட்டாள். ‘புத்தகத்தை எடுப்பது வேறு, படிப்பது வேறு’ என்றாள். ‘இப்போதிருக்கும் வடிவில் ஏற்க முடியாது, திருத்தினால் அவசியம் கேட்க வேண்டிய பேச்சு’ என்றாள். முடிவில், ‘இதை எழுதியவர் அந்த ஊரில் ஒரு முழு நாளாவது இருந்திருப்பாரா என்று சந்தேகமாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதினாள். அழித்தாள். உண்மைதானே என்று தோன்றியது. மறுபடி எழுதி அனுப்பிவிட்டாள். பெயர் போடாமல் எழுதும்போது கைக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபனா வந்தாள். கலைமதியின் கணவன் திருமாலுக்கு அவள் தங்கை. அதற்கு முன்பே கலைமதிக்குத் தோழி. நூலக அறிவியல் படிப்பில் இருவரும் ஒரே பெஞ்ச். சோபனாதான் தன் அண்ணனுக்கு இவளைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணம் ஆன அன்றிலிருந்து, பெரியவர்கள் சொன்னார்கள் என்று ‘அண்ணி, வாங்க, போங்க’வுக்கு மாறிக்கொண்டவள். இப்போது தருமபுரியில் குடும்பம். புதிதாக ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்ததிலிருந்து வருகை குறைந்துவிட்டது. நிறுவனத்தில் என்ன வேலை என்று கேட்டால், “புக்குங்க அடுக்கறதுதான் அண்ணி, வேறென்ன” என்று முடித்துவிடுவாள்.

அன்றைக்கு வந்தவள் செருப்பைக்கூட ஓரமாக விடாமல் நேரே சமையலறைக்குள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“என்ன சோபனா? வூட்டுல ஏதாச்சும் சண்டையா?”

“இல்லீங்க அண்ணி. மாநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தேன். ஏத்துக்கிட்டா சொல்லலாம், இல்லேன்னா யாருக்கும் தெரிய வேணாம்னு இருந்தேன். எவனோ ஒருத்தன் என்னைக் கிழிச்சு எழுதியிருக்கான். பாருங்க.”

போனை நீட்டினாள். கலைமதி வாங்கிப் பார்த்தாள். மேலே முதல் மதிப்பாய்வாளரின் கருத்து. ‘மிக நன்று. ஏற்கலாம்.’ அதற்குக் கீழே நீளமாக ஒன்று. முதல் வரியிலேயே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தன் கையால் எழுதிய எழுத்து, தன் நாத்தனார் கையிலிருந்து திரும்பி வந்து தன்னையே பார்த்தது.

“ஒரு நாளாவது அந்த ஊர்ல இருந்திருப்பாரான்னு கேக்கறான் அண்ணி. சித்தேரி மலைக்கு எத்தனை தடவை போயிருக்கேன் நான். ஜீப்புல குலுங்கிக் குலுங்கி இடுப்பு போச்சு. இவன் ஏசியில உக்காந்துக்கிட்டு எழுதறான்.”

வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த திருமால் காதில் இது விழுந்தது. “எவன்னு கேட்டுச் சொல்லு சோபனா. நான் பேசிக்கிறேன்” என்றான்.

“பேர் போட மாட்டாங்கண்ணா.”

கலைமதி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. நான்தான் என்று சொல்லலாம். சொல்லக் கூடாது என்பது விதி. விதிக்காகச் சொல்லாமல் இருக்கிறேனா, பயந்துகொண்டு இருக்கிறேனா என்று யோசித்தாள்; பிரித்தெடுக்க முடியவில்லை. தாளித்த கடுகு கருகிப்போனது.

“அவங்க கேட்டிருக்கற கேள்விங்க…” என்று மெல்ல ஆரம்பித்தாள். “மழைக்காலத்துல ஏன் ஏறுச்சுன்னு கேக்கறாங்கல்ல. அதுக்கு உனக்கு என்ன தோணுது?”

சோபனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். “தெரியலீங்க அண்ணி. மழையில வேலை இருக்காது, படிச்சிருப்பாங்கன்னு நெனைச்சேன்.”

“கேட்டியா?”

“யாரை?”

கலைமதி போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு சோபனா சொன்னாள்: “நீங்க கேக்கறப்ப தன்மையா இருக்குது. அந்தாளு கேட்டப்ப பத்திக்கிட்டு வந்துச்சு.”

மறுநாள் கல்லூரிக்குப் போனதும் கலைமதி நவநீதனைக் கூப்பிட்டாள்.

“சார், அந்த மலைக் கிராமக் கட்டுரை. அது என் நாத்தனாரோடதுங்க. நான் எழுதுனதை வாபஸ் வாங்கிக்கறேன். வேற யாராச்சும் படிக்கட்டும்.”

“உங்களுக்கு எப்பிடி மேடம் தெரிஞ்சது?”

“என் வூட்டுக்கு வந்து அழுதாங்க சார்.”

எதிர்முனையில் நவநீதனுக்குச் சிரிப்பா இருமலா என்று புரியவில்லை. “எழுதும்போது தெரியாதுல்ல? அப்ப தப்பே இல்ல. வாபஸ் எல்லாம் வேணாம். உங்களோடது ஒண்ணுதான் மேடம்…” என்று இழுத்து நிறுத்தினார்.

“ஒண்ணுதான்னா? இன்னொருத்தர் நன்றுன்னு எழுதியிருக்காங்களே.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “யாருகிட்டேயும் சொல்லாதீங்க. அந்த இன்னொருத்தர் படிக்கவே இல்ல. படிக்கறேன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேர் போனை எடுக்கறதில்ல. ரெண்டு பேர் கருத்து இருந்தாத்தான் கட்டுரை அடுத்த கட்டத்துக்குப் போகும். நான்தான் ‘மிக நன்று’ன்னு போட்டு அனுப்பிவிட்டேன். நெறைய கட்டுரைக்கு அப்பிடித்தான். என்ன பண்றதுங்க மேடம்? சும்மா செய்யற வேலைக்கு யாரைப் புடிச்சு இழுக்கறது? உங்களை மாதிரி ஒரு பக்கம் எழுதுனவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.”

போனை வைத்த பிறகு கலைமதி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். படித்தவள் திட்டியதாக ஆகிவிட்டது. படிக்காதவர் பாராட்டியதாக ஆகிவிட்டது. சோபனா நம்பிக்கொண்டிருந்த அந்த இன்னொரு ஆள் உலகத்திலேயே இல்லை. இதைச் சொன்னால் அவள் தாங்குவாளா? சொல்லாவிட்டால் தான் செய்வது என்ன?

அந்த வாரக் கடைசியில் சோபனாவே கூப்பிட்டாள். “அண்ணி, நான் மலைக்குப் போறேன். ஒரு முழு நாள் இருந்துட்டு வந்து அந்தாளு மூஞ்சியில அடிக்கற மாதிரி எழுதறேன். துணைக்கு வர்றீங்களா?”

வரமாட்டேன் என்று சொல்ல எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. தருமபுரியிலிருந்து சோபனாவும் பொம்மிடியிலிருந்து இவளுமாக அரூரில் சந்தித்து, சித்தேரி பஸ் ஏறினார்கள். வளைவுகளில் சோபனா வழக்கம்போலத் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பாரம் கலைமதிக்கு அன்றைக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மருந்தகம் ஒரு சிறிய ஓட்டுக் கட்டடம். மருந்து கொடுக்கும் சவுரியப்பன், இரும்புப் பெட்டியைத் துடைத்து வாசலுக்கு நேரே வைத்திருந்தார். அன்றைக்கு மருந்தகத்துக்கு யாரும் வரவில்லை. சோபனா மற்ற நாட்களில் வரும்போது பெட்டியைத் திறந்து பார்த்து, கணக்கை வாங்கிக்கொண்டு, அதே ஜீப்பில் மலையிறங்கிவிடுவாளாம். இந்த முறை ஊருக்குள் நடந்தார்கள். சாமை அறுத்து முடித்த நேரம். களத்தில் பாஞ்சாலி என்றொரு நடுவயதுப் பெண் கதிர்த் தாளை உதறிக்கொண்டிருந்தாள். சோபனாவைப் பார்த்ததும் முக்காட்டை இறக்கிச் சிரித்தாள்.

“புக்கு மேடம்தானே? ஒக்காருங்க.”

“நீங்க என்ன புக்கு எடுத்தீங்கம்மா?” என்று சோபனா கேட்டாள்.

“ரெண்டு மூணு எடுத்தனே. வூட்டுல இருக்குது. பத்திரமா வெச்சிருக்கறேன்.”

“படிச்சீங்களா?”

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே.”

“அப்புறம் ஏம்மா எடுத்தீங்க?”

பாஞ்சாலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதையும் கேட்பார்களா என்பதுபோல இருந்தது அவள் முகம். “மாத்திரை வாங்கப் போனா புக்கும் குடுக்கறாருங்க. வேணாம்னு சொன்னா அடுத்த வாட்டி மாத்திரை குடுக்க மாட்டாரோ என்னமோ. மழையில ஊரெல்லாம் காய்ச்சலு. வூட்டுக்கு ஒரு ஆளு போயி வாங்கியாந்தோம்.”

சோபனா அப்படியே களத்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கலைமதிக்கு அந்த வரைபடம் கண்முன் வந்தது. அந்த ஏறின கோடு வாசிப்பே இல்லை. காய்ச்சல்.

மருந்தகத்துக்குத் திரும்பி வந்து சவுரியப்பனைக் கேட்டார்கள். மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. “மேடம் நீங்கதானே சொன்னீங்க? வர்றவங்க எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்து அனுப்புங்கன்னு. நான் ஒருத்தரையும் விடலீங்களே” என்றார். அவர் முகத்தில் இருந்தது பெருமை. அதை எப்படிக் குறை சொல்வது?

சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சோபனா பெட்டியைத் திறந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா, எல்லாம் பொய்தானா என்று கலைமதிக்கும் துக்கமாக இருந்தது. தான் கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு விடை வரும் என்று அவள் நினைக்கவில்லை. அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த தீர்த்தன் என்பவர் பெட்டியைக் கண்டு நின்றார்.

“மேடம், அந்த ஆட்டு வைத்தியப் புக்கு இன்னொண்ணு இருந்தாக் குடுங்க. ஒண்ணை வெச்சிக்கிட்டு சண்டையா கெடக்குது.”

“அது தொலைஞ்சு போச்சுன்னுல்ல எழுதி வெச்சிருக்கோம்” என்றாள் சோபனா.

“தொலையறதா? ராமக்கா வூட்டுல இருந்துச்சு, அங்கேருந்து கீழ்த்தெருவுக்குப் போச்சு. படிக்கத் தெரிஞ்சவங்க படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறோம். வயித்துப் பொருமலுக்கு அதுல பாத்துத்தான் வைத்தியம் பண்ணுனேன். குட்டி பொழச்சிருச்சு. அட்டைதான் கிழிஞ்சு போச்சுங்க, திட்டாதீங்க.”

எடுத்ததாகக் கணக்கில் வந்த புத்தகங்களை யாரும் படிக்கவில்லை. ஊரே படித்த புத்தகம் கணக்கில் தொலைந்து கிடந்தது. பஸ்ஸில் மலையிறங்கும்போது சோபனா சிரித்தாள், கொஞ்ச நேரம் அழுதாள், திரும்பவும் சிரித்தாள். “என்னத்தை அண்ணி நான் எழுதறது? இது ஜெயிச்சதா தோத்ததா?”

“எனக்கும் தெரியல சோபனா. பார்த்ததை எழுது.”

அப்படியே திருத்தி எழுதி அனுப்பினாள்; ஏற்றுக்கொண்டார்கள். மாநாட்டு நாளன்று தருமபுரி மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப் பேருக்குக் கண் சொருகியது. சோபனா மேடையேறி, “நான் போட்ட வரைபடம் தப்பு. இது வாசிப்பு இல்ல, காய்ச்சல்” என்று தொடங்கியதும் தூங்கியவர்கள் விழித்தார்கள். மாத்திரைக் கதைக்கு மண்டபம் சிரித்தது. ஆட்டுப் புத்தகத்துக்கு அமைதியானது. முடிந்ததும் கேள்விக்கு மேல் கேள்வி. வீரமணி என்ற ஒரு வயதான நூலகர் எழுந்து, தங்கள் நூலகத்திலும் தொலைந்ததாகக் கிடக்கிற புத்தகங்களை இனி ஊருக்குள் போய்த் தேடப் போவதாகச் சொன்னார். கைதட்டலுக்கு நடுவே சோபனா, “பேர் தெரியாத ஒரு மதிப்பாய்வாளர் என்னைக் கேள்வி கேக்கலேன்னா இந்தப் பேச்சே இல்லீங்க. அவருக்கு நன்றி” என்றாள்.

பின்வரிசையில் இருந்த கலைமதிக்குக் கண் நிறைந்தது. இது போதும், இப்படியே தெரியாமல் போய்விடட்டும் என்று இருந்தது.

நிறைவு விழாவில் நவநீதன் எழுந்தார். சம்பளம் இல்லாமல், பெயர் இல்லாமல், சொந்த நேரத்தைக் கொடுத்துப் படித்தவர்களால்தான் இந்த மாநாடு நடந்தது என்றார். அவர்களுக்குச் செய்ய முடிந்த ஒரே மரியாதை என்று சொல்லி, திரையில் மதிப்பாய்வாளர்களின் பெயர்களைப் போட்டார். யார் எதைப் படித்தார் என்று இல்லை, பெயர்கள் மட்டும்தான். நடுவில் கலைமதியின் பெயரும் கல்லூரியின் பெயரும் இருந்தன.

முன்வரிசையில் இருந்த சோபனா திரும்பிப் பார்த்தாள். விழா முடிந்து டீ கொடுக்கும் இடத்தில் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் மலர்ச்சி.

“அண்ணி! ‘மிக நன்று’ன்னு போட்டது நீங்கதானா? அதான் வூட்டுல வெச்சு அவ்ளோ தன்மையா எடுத்துச் சொன்னீங்களா?”

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. இந்த மகிழ்ச்சி அப்படியே இருக்கும். ஒரு கணம் வாய் அதற்குத் தயாராகக்கூட ஆனது.

“இல்ல சோபனா. இன்னொண்ணு.”

“எது இன்னொண்ணு?”

“நீளமா எழுதுனது. அது நான். எழுதறப்ப உன்னுதுன்னு தெரியாது.”

சோபனாவின் கை நழுவியது. கிளாஸ்களும் பேச்சும் சுற்றிலும் சத்தமாக இருந்தன.

“நான் அழுதப்ப தெரியும்ல உனக்கு?” என்றாள். மரியாதை எங்கோ போயிருந்தது. “மலைக்கு வந்தப்பவும் தெரியும். உன் தோள்ல சாஞ்சு அந்தாளைத் திட்டிக்கிட்டே வந்தனே. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“சொல்லக் கூடாதுன்னு விதி.”

“விதியா?”

“விதியும் இருந்துச்சு. பயமும் இருந்துச்சு. எது எவ்ளோன்னு எனக்கே தெரியல.”

சோபனா டீயைக் குடிக்காமலே ஓரமாக வைத்தாள். கேள்வி கேட்டதற்காக அவள் கோபப்படவில்லை என்பது கலைமதிக்குப் புரிந்தது. மேடையில் நன்றி சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இந்தக் கோபமும் பொய்யில்லை. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன.

“ஒண்ணு சொல்றேன்” என்றாள் சோபனா. “நீ எழுதுனதைப் படிச்சுட்டு அன்னைக்கே கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம்னு இருந்தேன். அந்த முதல் ஆளு ‘மிக நன்று’ன்னு போட்டிருந்தாரே, அதைப் பார்த்துத்தான் சரி, ஒருத்தருக்காவது புடிச்சிருக்கேன்னு நின்னேன். அவரு யாருன்னு தெரிஞ்சா அவருக்கும் ஒரு நன்றி சொல்லணும்.”

கொஞ்சம் தள்ளி நவநீதன் யாருக்கோ வடை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கலைமதி அவரைப் பார்த்தாள், சோபனாவைப் பார்த்தாள். இப்போதுதான் உண்மையைச் சொன்ன வாய் மறுபடியும் துடித்தது. படிக்காமலே போட்ட ஒற்றை வரி இவளை நிறுத்தி வைத்திருக்கிறது. படித்து எழுதிய ஒரு பக்கம் விரட்டப் பார்த்திருக்கிறது. பிறகு அந்தப் பக்கம்தான் மலைக்கு ஏற்றியிருக்கிறது. இதில் எது மதிப்பாய்வு, எது இல்லை என்று இனி யார் தீர்ப்புச் சொல்வது?

“தெரியலியே சோபனா” என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய் அது.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சோபனா வரவில்லை. திருமால் காரணம் கேட்டான். கலைமதி எல்லாவற்றையும் சொன்னாள். யாரைத் திட்டுவது என்று அவனுக்கும் தெரியாமல், சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

பிறகொரு நாள் மதியம், நூலகத்தில் இருக்கும்போது சோபனாவின் போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“வேற ஒரு கருத்தரங்குக்கு மதிப்பாய்வாளரா பேர் குடுத்திருக்கேன் அண்ணி. ஒரு கட்டுரை வந்திருக்குது. நல்லாவும் இல்ல, மோசமும் இல்ல. ரெண்டு தடவை படிச்சுட்டேன்.”

“யாரு, என்னன்னு என்கிட்ட சொல்லாத.”

“சொல்லல. ஆனா இதை எழுதுன ஆளும் எங்கேயோ ஒரு சமையல்கட்டுல நின்னு நான் எழுதறதைப் படிச்சுக் காட்டுமேன்னு நெனைச்சா கையே ஓட மாட்டேங்குது. கேக்க வேண்டியதைக் கேக்காம விட்டா அதுவும் தப்பு. என்னதான் எழுதறது?”

கலைமதி யோசித்துப் பார்த்தாள்.

“இன்னொரு தடவை படி” என்றாள்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு காகிதம் புரளும் சத்தம். சோபனா போனை வைக்காமலே படிக்கத் தொடங்கியிருந்தாள். கலைமதியும் வைக்கவில்லை.